முத்திரை விழாத சீட்டு

போலி மருந்துச் சீட்டு என்றவுடன், கணினியில் ஒரு மருத்துவரின் பெயரைப் போட்டு அச்சடித்து, பாரிமுனைச் சந்து எதிலோ ரப்பர் முத்திரை செய்து வாங்கி வருகிற ஒருவனைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி வருபவர்களும் உண்டு. தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பதிவுபெற்ற மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு அதைவிட அதிகக் கவலை தருவது வேறொரு சீட்டு. உண்மையான மருத்துவர் உண்மையான நோயாளிக்கு எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டு, ஒருமுறை மருந்து வாங்கிய பிறகும் மேலே எந்த அடையாளமும் இல்லாமல் வாங்கியவர் கைக்கே திரும்பிப் போகிறது. பிறகு அதே தாளைக் காட்டிக் கொருக்குப்பேட்டையில் ஓர் அட்டை, வியாசர்பாடியில் ஓர் அட்டை, மூலக்கடையில் ஓர் அட்டை என்று தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ வாங்க முடிகிறது. அந்தத் தாளில் எழுத்து, கையெழுத்து, பதிவு எண் எல்லாமே சரியாக இருப்பதால், எந்தக் கடைக்காரர் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் குற்றம் கண்டுபிடிக்க வழியில்லை.

இதைத் தடுக்கப் புதிய சட்டம் தேவையில்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆவது விதி இதற்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. எச், எச்1, எக்ஸ் ஆகிய அட்டவணைகளில் (சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்கள் இவை) உள்ள மருந்துகளை, மருத்துவர் சீட்டிலேயே வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும், கொடுக்கும்போது மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயரையும் முகவரியையும் கொடுத்த தேதியையும் குறிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மருத்துவரின் கையெழுத்து, தேதி ஆகியவற்றோடு, கொடுக்க வேண்டிய மொத்த அளவும் உட்கொள்ள வேண்டிய வேளை அளவும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் வருகிறது. மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்காதவர்கள் எங்களில் யாரும் இருக்க மாட்டோம். ஆனால் வடசென்னையில் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். கடை முத்திரை விழுந்த ஒரு சீட்டாவது அதில் இருந்தால் எனக்கு வியப்பாக இருக்கும்.

இந்த விதி ஏன் ஏட்டிலேயே நின்றுவிட்டது என்பதற்குக் கடைக்காரரின் சோம்பலை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. எங்கள் பகுதியில் ஒரு சீட்டு என்பது பல மாதங்களுக்கான சொத்து. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், ஒவ்வொரு மாதமும் மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க இயலாமல், அதே தாளை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்து, மடிப்பு கிழியும்வரை பயன்படுத்துகிறார். அந்தத் தாளில் முத்திரை குத்தினால், “என்னம்மா, சீட்டைக் கெடுத்துட்டியே, அடுத்த மாசம் எவன் குடுப்பான்?” என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் ஞாயம் இருக்கிறது. அடுத்த தெருவில் முத்திரை கேட்காத கடை ஒன்று இருக்கும்போது, முத்திரை குத்துகிற கடை வாடிக்கையாளரை இழக்கும் என்பது முதலாளிகளின் பயம். அதுவும் பொய்யான பயம் இல்லை.

ஆகவே நான் வேலை செய்யும் கடையில் ஒரு நடுவழியைப் பின்பற்றுகிறோம். சட்டம் எச் அட்டவணை முழுவதற்கும் முத்திரை கேட்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும், சீட்டில் பழக்கத்துக்கு ஆளாக்கக்கூடிய மருந்து ஒன்று இருந்தால் மட்டும் எந்தக் கெஞ்சலுக்கும் இடம் கொடுக்காமல் கையெழுத்துக்கு மேலே கடை முத்திரையும் தேதியும் போடுகிறோம். அத்துடன் அந்த மருந்தின் வரிக்குப் பக்கத்திலேயே எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று பேனாவால் எழுதுகிறோம். பதினைந்துக்குப் பதில் பணம் போதாமல் பத்து மட்டும் வாங்கிச் சென்றவருக்கு, மீதி ஐந்தை வேறு கடையில் வாங்குவதற்கும் அந்தக் குறிப்புத்தான் சான்று. முத்திரை செய்ய ஆன செலவு சில நூறு ரூபாய்கூட இல்லை. அதே தாளில் இருக்கும் சர்க்கரை மாத்திரை வரிக்கு அருகே எதையும் எழுதாததால், பெரியவர்களின் கோபமும் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

எந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எச்1 என்ற அட்டவணை 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் இருந்த 46 மருந்துகளில் பெரும்பகுதி உயர்வகை ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் என்றாலும், அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம், டிரமடால், கோடீன், பியுபிரெனார்ஃபின், பென்டசோசின் போன்ற பழக்க அடிமைத்தனம் உண்டாக்கும் மருந்துகளும் அதில் இடம்பெற்றன. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதை வைத்து இவற்றை யாரும் அடையாளம் காணலாம். எக்ஸ் அட்டவணை இதைவிடக் கடுமையானது. கீட்டமின், மிதைல்ஃபெனிடேட் போன்றவை அதில் அடங்கும். அதற்குத் தனி உரிமம் வேண்டும். சீட்டு இரண்டு படிகளாக வர வேண்டும். ஒரு படியைக் கடையில் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சரக்கைப் பூட்டி வைக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சிறிய கடைகளில் பெரும்பாலானவை அந்த உரிமத்தை வாங்குவதே இல்லை என்பதால், கல்லாவில் நாங்கள் அன்றாடம் எதிர்கொள்வது எச்1தான்.

அதிலும் வடசென்னைக்கு என்று ஒரு தனி நிலைமை இருக்கிறது. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், காசிமேட்டில் விடியற்காலைக்கு முன்பே பனிக்கட்டிப் பெட்டி இழுக்கிறவர்கள், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறவர்கள் எல்லோருக்கும் முதுகும் மூட்டும் உண்மையாகவே வலிக்கின்றன. வலி மாத்திரை கேட்டு வருகிறவரை எல்லாம் போதைக்கு வருகிறவர் என்று பார்க்கத் தொடங்கினால், இந்த ஊரின் உழைப்பையே சந்தேகப்பட்டதாகிவிடும். டிரமடால் என்ற வலி மருந்தை 2018 ஏப்ரலில் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் மனமயக்கப் பொருட்கள் பட்டியலில் சேர்த்தது. அதன் நெருங்கிய உறவான டாபென்டடாலுக்கு அப்போது அந்தக் கட்டுப்பாடு வரவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சென்னைக் காவல்துறையின் கைதுச் செய்திகளில் “வலி நிவாரண மாத்திரைகள்” என்று தொடர்ந்து வருவதில் பெரும்பகுதி இந்த டாபென்டடால்தான். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு, மருந்தைவிட அதில் சேர்க்கப்பட்டிருக்கும் டால்க்கும் மாவுப் பொருள்களும் பெரிய எதிரி. அவை கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கின்றன. ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சி சி வகையும் பரவுகின்றன.

எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை விற்கும்போதே அதில் எழுத வேண்டும். பதிவேடுகளை வைத்திருக்காதவருக்கு மருந்துச் சட்டத்தின் 28ஏ பிரிவில் ஓராண்டு வரை சிறையோ இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ உண்டு. இவ்வளவு கடுமையாகக் கேட்கப்படும் இந்தப் பதிவேட்டில், நோயாளியின் முகவரி கட்டாயமாகக் கேட்கப்படவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மருத்துவரின் முகவரி வேண்டும்; மாத்திரையைக் கொண்டுபோகிறவர் வெறும் “குமார்” என்று நின்றுவிடலாம். நாங்கள் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதுகிறோம். எண் கேட்டவுடன், “பரவாயில்லக்கா, அப்புறம் வரேன்” என்று சீட்டை மடித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி ஒன்றே ஒரு பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பதிவேட்டின் இன்னொரு குறை, அது தன் கடையைத் தாண்டிப் பேசாது. நான் காலையில் எழுதியதை எதிர்க்கடைக்காரர் மாலையில் பார்க்க வழியில்லை. அமெரிக்காவில் மாநில அளவிலான மின்பதிவு ஏற்பாடுகள் வழியாக, ஒரே ஆள் எத்தனை மருத்துவரிடம் எழுதி வாங்கினார், எத்தனை கடையில் மருந்து எடுத்தார் என்பதை மருந்தாளுநர் திரையிலேயே பார்க்க முடிகிறது. இங்கே அப்படி ஒன்று வரும்வரை, கடையிலிருந்து கடைக்குத் தகவலைச் சுமந்து செல்லக்கூடியது அந்தத் தாள் மட்டும்தான். அதனால்தான் முத்திரையைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன்.

திருத்தப்பட்ட சீட்டுகளுக்கு மருத்துவர்கள் மனம் வைத்தால் ஒரே நாளில் தீர்வு உண்டு. வங்கிக் காசோலையில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவதுபோல, மாத்திரையின் எண்ணிக்கையை இரண்டு விதமாகவும் எழுதி, கடைசி மருந்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டால், எண்ணை மாற்றுவதற்கும் புதிய மருந்து ஒன்றைச் செருகுவதற்கும் இடமிருக்காது. இப்போது பல சீட்டுகளில் மொத்த எண்ணிக்கையே இருப்பதில்லை. “இரவு ஒன்று” என்று மட்டும் இருக்கும். எத்தனை நாளைக்கு என்று நாங்களே ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்தில்தான் பேரம் தொடங்குகிறது. கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களை மேசைமேல் விட்டுவிட்டு எழுந்து போவதும், பதிவு எண் இல்லாத தாளில் எழுதுவதும் இன்னும் நடக்கின்றன. சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது.

கல்லாவில் நிற்கும்போது ஐயம் எழுவது தாளைப் பார்த்து மட்டுமல்ல. நான்கு மருந்து எழுதிய சீட்டில் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்பது, அதே மருந்தை வேறு நிறுவனத்தின் பெயரில் காட்டினால் முகம் மாறுவது, அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டு அம்மாவின் வயது கேட்டால் தடுமாறுவது, ஆவடியில் எழுதிய சீட்டைத் தண்டையார்பேட்டைவரை கொண்டுவருவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் நேர்மையான விளக்கம் இருக்கலாம். பணம் இல்லாதவர் அவசரமான ஒன்றை மட்டும் வாங்குவார். வேலை செய்யும் இடத்துக்கு அருகே வாங்குகிறவரும் உண்டு. இரண்டு மூன்று சேர்ந்து வரும்போதுதான் நான் தொலைபேசியை எடுக்கிறேன். அப்போதும் சீட்டின் தலைப்பில் அச்சடித்திருக்கும் எண்ணை நான் அழைப்பதில்லை. போலியாகத் தாள் அடிக்கத் தெரிந்தவனுக்கு அதில் கூட்டாளியின் எண்ணைப் போடவும் தெரியும். மருத்துவமனையின் எண்ணை வேறு வழியில் தேடி எடுத்து அழைப்பதும், மருத்துவரின் பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. பெயரும் எண்ணும் பொருந்தினாலும், குழந்தைகள் நல மருத்துவரின் தாளில் ஐம்பது வயதுக்காரருக்கு டிரமடால் எழுதப்பட்டிருந்தால் மேலும் ஒருமுறை யோசிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டி மருந்து கேட்பது கொரோனாவுக்குப் பிறகு பரவிவிட்டது. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களைக் காட்டிப் பலர் வாதிடுகிறார்கள். அந்த வழிகாட்டுதல்களே எக்ஸ் அட்டவணை மருந்துகளையும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளையும் தொலைவிலிருந்து எழுதக் கூடாத பட்டியலில் வைத்திருக்கின்றன. அல்பிரசோலமும் டிரமடாலும் அந்தச் சட்டத்தின் கீழ் வருபவைதாம். ஆகவே இவற்றுக்கு நான் காகிதம் கேட்பது என் பிடிவாதத்தால் அல்ல.

மறுப்பது எப்படி என்பது சொல்லிக்கொடுக்கப்படாத பாடம். “ஸ்டாக் இல்லை” என்பதுதான் எல்லோரும் கையாளும் சொல். இரவு பத்து மணிக்கு, கடையில் நானும் ஒரு பையனும் மட்டும் இருக்கும்போது, மூன்று பேர் வந்து நின்றால் நானும் அதையே சொல்வேன். உயிருக்குப் பயந்து சொல்லும் அந்தப் பொய்யை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. மருந்துக்கடைகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும்படி மாவட்ட ஆட்சியர்கள் இட்ட உத்தரவு செலவு என்று முணுமுணுக்கப்பட்டாலும், கல்லாவில் நிற்கும் பெண்களுக்கு அது ஒரு துணை. பகலில், தனியாக வருகிறவரிடம், “இந்தச் சீட்டுக்கு ஏற்கெனவே மருந்து வாங்கியாயிற்று, மருத்துவரைப் பார்த்துப் புதிதாக எழுதி வாங்கி வாருங்கள்” என்று காரணத்தைச் சொல்லியே மறுக்கிறேன். ஸ்டாக் இல்லை என்றால் அவர் அடுத்த கடைக்குப் போவார். காரணம் சொன்னால், அந்தச் சீட்டு இனிச் செல்லாது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மறுப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல மாதமாக அல்பிரசோலம் சாப்பிட்டு வந்தவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். எனவே கை நடுங்க, வியர்த்து நிற்கிற ஒருவரை வெறுமனே விரட்டுவது மருந்தாளுநரின் வேலையாகாது. அவரை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ அனுப்ப வேண்டும். இப்படி வந்து நிற்கிறவர்களில் பாதிப்பேர் மாத்திரையை முதலில் தெருவில் வாங்கியவர்கள் அல்லர் என்பது என் அனுபவத்தில் பட்ட கணிப்பு. மகன் இறந்த துக்கத்தில் தூக்கம் வராத ஒரு தாய்க்கு இரண்டு வாரத்துக்கென்று எழுதப்பட்ட சீட்டு, முத்திரை விழாததால் இரண்டு ஆண்டுகள் ஓடுகிறது. அவரை மோசடிக்காரர் என்று அழைக்க என் நாக்கு எழாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் கையிலிருப்பதும் காலாவதியான சீட்டுத்தான்.

பயந்துபோன கடைக்காரர்கள் பழக்கத்துக்கு ஆளாக்கக்கூடிய மருந்துகளே வேண்டாம் என்று சரக்கு எடுப்பதை நிறுத்திவிடுவது இன்னொரு அநியாயம். குளோபசாம் வலிப்பு நோய்க்குத் தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து. ஒருநாள் தவறினாலும் குழந்தைக்கு வலிப்பு திரும்பலாம். எர்ணாவூரிலிருந்து ஒரு தந்தை நான்கு கடை ஏறி இறங்கி எங்களிடம் வந்து கேட்கும்போது, மோசடியைத் தடுக்கிறோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் வலியில் துடிப்பவரின் வீட்டார் அலைவது நிற்கவில்லை.

மாத்திரைகள் பெருமளவில் வெளிமாநிலங்களிலிருந்து ரயிலிலும் கூரியரிலும் வரும்போது, சில்லறைக் கடையில் ஓர் அட்டையைத் தடுத்து என்ன பயன் என்று தொழிலில் இருப்பவர்களே கேட்கிறார்கள். மொத்தமாக வருவதைப் பிடிப்பது காவல்துறையின் வேலை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வேலை. என் கல்லாவைக் கடந்து போகிற அட்டைக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டிய மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்க, அவர் வேறு எங்கோ வேலை பார்த்துக்கொண்டு மாத வாடகை வாங்குகிற வழக்கம் எங்கள் தொழிலின் வெட்கம். 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம், பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் சீட்டுக்கு மருந்து வழங்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பையனிடம் எச்1 பதிவேட்டைக் கொடுத்துவிட்டுப் போலிச் சீட்டைப் பற்றிக் கூட்டம் போடுவதில் பொருளில்லை.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக உள்ள சில கடைகளில் வேலை செய்கிற நாங்கள், முத்திரை விழுந்த சீட்டுக்கு மறுபடி கொடுப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். எல்லோரும் சேரவில்லை, சேர்ந்தவர்களிலும் ஒருவர் பண்டிகை வாரத்தில் நழுவினார். உங்கள் சீட்டில் தூக்க மாத்திரையோ கடுமையான வலி மாத்திரையோ இருந்தால், கடைக்காரர் கேட்காவிட்டாலும் முத்திரையை நீங்களே கேட்டு வாங்குங்கள். தொலைந்துபோன சீட்டை வேறொருவர் உங்கள் பெயரில் பயன்படுத்தாமல் இருக்க அது உங்களுக்கும் காப்பு. சீட்டில்லாமல் இந்த மாத்திரைகளை விற்கும் இடம் தெரிந்தால், தமிழகக் காவல்துறையின் 10581 என்ற கட்டணமில்லா எண்ணிலோ மத்திய அரசின் 1933 என்ற எண்ணிலோ சொல்லலாம். வீட்டில் ஒருவர் இதிலிருந்து மீள முடியாமல் தவித்தால் அழைக்க வேண்டிய எண் 14446.